டிராகன்ஸ்பெர்க் மலைக்கு ஒருவர் தங்கும் இலகு கூடாரம்: எதைப் பார்த்து வாங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறீர்கள். பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போய்விட்டு, மறுநாள் நண்பர்கள் இருவருடன் சென்டினல் வாகன நிறுத்தத்திலிருந்து புறப்பட்டு, சங்கிலி ஏணிகளில் ஏறி, மலை விளிம்பின் மேலேயே நான்கைந்து நாள் நடந்து கதீட்ரல் பீக்கில் இறங்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். ஆளுக்கொரு கூடாரம் என்று மூவரும் முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் உயரம் ஆறடி. அரைக் கிலோகூட இல்லாத ஒரு கூடாரத்தையும், அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் ஒன்றரைக் கிலோ கூடாரத்தையும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு கிலோவுக்காக அவ்வளவு பணம் கொடுப்பது தகுமா என்று கேட்கிறீர்கள்.

இந்தப் பயணத்துக்கு அந்த இரண்டில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முளை, கயிறு, உறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கிலோவை ஒட்டி நிற்கும் கூடாரம், அதிலும் இரட்டை அடுக்கு (உள்கூடாரம் ஒன்று, அதன்மேல் தனி வெளிக்கூரை ஒன்று) உடையது, பாலியெஸ்டர் துணியால் ஆனது, உங்கள் கையிலிருக்கும் ட்ரெக்கிங் போல்களை, அதாவது மலை நடைக்கோல்களை, ஊன்றி நிறுத்துவது, மழையில் வெளிக்கூரையை முதலில் விரிக்கக்கூடியது என்று தேடுங்கள். பெயர்களைப் பின்னால் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் சரக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருப்பதால், காரணங்களைத் தெரிந்துகொண்டால்தான் இன்னொரு பெயர் கண்ணில் படும்போது நீங்களே தீர்மானிக்க முடியும்.

நம் நாட்டில் பல நீண்ட நடைபாதைகளுக்குக் கூடாரமே தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிட்சிகாமா கடற்கரையில் ஐந்து நாள் நடக்கும் ஆட்டர் பாதையிலும், கிழக்குக் கேப்பின் அமத்தோலா பாதையிலும் இரவுதோறும் குடில் உண்டு. டிராகன்ஸ்பெர்க்கிலும் மணற்பாறைத் தாழ்வாரங்களான குகைகளில் சிலவற்றை முன்பதிவு செய்து தங்கலாம். சான் மக்களின் பாறை ஓவியங்கள் உள்ள குகைகளில் தங்க அனுமதியில்லை. ஆனால் நீங்கள் நடக்கப்போவது மணற்பாறைக்கு வெகு மேலே, கருங்கல் போன்ற பசால்ட் பாறையால் ஆன உச்சி விளிம்பில், ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் உயரத்தில். அங்கே குகைகள் அரிது. இருப்பவையும் சிறியவை, மூடுபனியில் கண்டுபிடிக்கக் கடினமானவை. குகையை நம்பிக் கூடாரம் இல்லாமல் போகக் கூடாது.

அந்த உச்சியைப் பற்றித் தெளிவாக இருந்தால் தேர்வில் பாதி முடிந்துவிடும். அங்கு மரமே கிடையாது. மேற்கே லெசோத்தோ மேட்டுநிலத்திலிருந்து வரும் காற்றைத் தடுக்கப் புல்மேடுகளையும் பாறைகளையும் தவிர எதுவுமில்லை. கோடையில் பல பிற்பகல்களில் இடியுடன் மழை கொட்டும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். குளிர்காலத்தில் வானம் தெளிந்திருந்தாலும் இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பத்துப் பாகை கீழே போவது வியப்பில்லை. ஈஸ்டர் இந்த இரண்டு பருவங்களுக்கும் நடுவில் விழுகிறது. அது மார்ச் இறுதியில் வந்தால் கோடை மழையின் கடைசிப் பகுதியைச் சந்திப்பீர்கள். ஏப்ரல் இறுதியில் வந்தால் காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி படிந்திருக்கலாம், பனிப்பொழிவுகூட வரலாம். அதாவது ஒரே பயணத்தில் மழை, காற்று, உறைபனி ஆகிய மூன்றையும் தாங்கும் கூடாரம் வேண்டும். வெளிநாட்டு மதிப்புரைகளில் ‘மூன்று பருவக் கூடாரம்’ (குளிர்காலம் நீங்கலாக மற்றப் பருவங்களுக்கானது) என்று எழுதுபவர்களில் பலர் காட்டுக்குள், மரங்களின் மறைவில் கூடாரம் அடிப்பதை எண்ணித்தான் எழுதுகிறார்கள். அவர்கள் மெச்சும் பல மாதிரிகள் நம் மலை விளிம்பில் ஒரு நல்ல காற்றடிக்கும் இரவைத் தாங்காது.

எடையைப் பற்றிய விளம்பரங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு எடைகளைத் தருகின்றன. குறைந்தபட்ச எடை என்று போட்டிருப்பதில் வெளிக்கூரை, உள்கூடாரம், கம்பிகள் ஆகியவை மட்டுமே அடங்கும். முளைகள், இழுகயிறுகள், உறைகள் அடங்கா. கட்டு எடை என்பதுதான் பையில் வந்து சேரும் எடைக்கு நெருக்கமானது. ட்ரெக்கிங் போல் ஊன்றும் கூடாரங்களில் பெரும்பாலும் முளையே தராமல் விற்பார்கள். எட்டு நல்ல முளைகள் வாங்கினால் நூறு கிராம் கூடிவிடும். ஒற்றை அடுக்குக் கூடாரத்தின் தையல்களை நீர் கசியாமல் நீங்களே பசையிட்டு அடைக்க வேண்டியிருந்தால் அந்தப் பசையும் சில பத்து கிராம் சேர்க்கும். மெல்லிய தரை கொண்ட கூடாரத்துக்கு அடியில் விரிக்கத் தனி விரிப்பு வாங்கினால் அதையும் கணக்கில் எழுதுங்கள். இப்படிக் கூட்டிப் பார்த்தால் நீங்கள் சொன்ன ‘அரைக் கிலோ’ முக்கால் கிலோவைத் தொடும். வித்தியாசம் ஒரு கிலோ என்று நீங்கள் போட்ட கணக்கு அப்போதே சுருங்கிவிடுகிறது. அந்தப் பணத்தை எங்கே செலவிட்டால் சுமை அதிகம் குறையும் என்பதையும் பாருங்கள். உங்கள் உறக்கப்பை இரண்டு கிலோ செயற்கைப் பஞ்சுப் பையாக இருந்தால், அதே குளிரைத் தாங்கும் வாத்து இறகுப் பைக்கு மாறுவதால் முதுகில் குறையும் எடை, மிக விலையுயர்ந்த கூடாரத்துக்கு மாறுவதால் குறையும் எடையைவிட அதிகமாக இருக்கும்.

இனி அமைப்பு. ஒருவர் கூடாரங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். தன் கம்பிகளின் வளைவிலேயே நிற்கும் குவிமாட வகை முதலாவது. ஒரே வளையத்தை நடுவில் வைத்து இரு முனைகளையும் இழுத்துக் கட்டும் சுரங்க வகை இரண்டாவது. நடக்க உதவும் கோல்களையே தூணாக நிறுத்தும் வகை மூன்றாவது. முளையடிக்க முடியாத பாறைத்தளத்தில் குவிமாட வகை உதவும். சீடர்பெர்க்கின் மணற்பாறைத் திட்டுகளில் இரவு தங்கும் எண்ணம் பின்னாளில் வந்தால் அதன் அருமை தெரியும். ஆனால் எடையைக் குறைப்பதற்காக ஒருவர் கூடாரங்களில் எட்டரை, ஒன்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கம்பிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்; பக்கவாட்டில் அறையும் காற்றில் அவை வளைந்து முகத்தின் மேல் வந்து படும், சில நேரம் ஒடியும். ட்ரெக்கிங் போலின் குழாய் அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு தடிமன். சங்கிலி ஏணிக்குப் போகும் பாதையிலும் கணவாய்ச் சரிவுகளிலும் முழங்காலைக் காப்பதற்காக எப்படியும் இரண்டு கோல்களைக் கொண்டுபோகப் போகிறீர்கள். அவற்றையே தூணாக்கினால் தனிக் கம்பியின் எடை மிச்சம், வலுவும் கூடுதல். அதனால்தான் மூன்றாம் வகையை முதலில் சொன்னேன்.

அந்த வகையிலும் ஒற்றைக் கோல் கூடாரம், இரட்டைக் கோல் கூடாரம் என்று பிரிவு உண்டு. ஒற்றைக் கோலில் நிற்பது கூம்பு வடிவம். அதன் நடுப்பகுதி உயரமாக இருந்தாலும் தலையும் காலும் இருக்கும் முனைகளில் துணி தாழ்ந்து இறங்கும். ஆறடி ஆளின் உறக்கப்பை அங்கே உரசும். இரட்டைக் கோலில் கூரை நீண்டு, சுவர்கள் செங்குத்தாகின்றன. காற்றின் அழுத்தம் இரண்டு தூண்களுக்குப் பகிர்ந்து போகிறது. ஒரு முளை பிடுங்கினாலும் மற்ற தூண் கூடாரத்தை ஓரளவு நிறுத்தி வைக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே நூறு, நூற்றைம்பது கிராம் கூடுதலாகச் சுமப்பது நியாயம் என்று நான் கருதுகிறேன். சுரங்க வகையில் ஹில்லெபெர்க் ஆக்டோ போன்றவை கடுங்காற்றுக்குப் பெயர் பெற்றவை. ஆனால் அது ஒன்றே முக்கால் கிலோவை ஒட்டி வருவதால் உங்கள் கேள்வியின் எல்லைக்கு வெளியே போகிறது. குளிர்காலத்தில் அடிக்கடி உச்சியில் தங்குபவருக்கு அந்த எடை வீணில்லை.

கூடாரத்தை விரிக்கும் வரிசை, கடையில் நின்று பார்க்கும்போது யாரும் கேட்காத ஒன்று. பெரும்பாலான குவிமாடக் கூடாரங்களில் உள்கூடாரத்தை முதலில் நிறுத்தி, பிறகு வெளிக்கூரையை மேலே போர்த்த வேண்டும். மழை கொட்டும்போது இந்த இடைவேளையில் வலைத்துணி வழியாக நீர் இறங்கித் தரையில் தேங்கிவிடும். அன்றிரவு முழுவதும் ஈரத்தில்தான் படுக்க வேண்டும். ட்ரெக்கிங் போல் கூடாரங்களில் பலவற்றில் வெளிக்கூரை முதலில் நிற்கும். அதன் கீழே நனையாமல் நுழைந்து உள்கூடாரத்தை நிதானமாகக் கொக்கியில் மாட்டலாம். காலையில் மழை நிற்காவிட்டாலும் உள்ளிருந்தே எல்லாவற்றையும் பையில் அடுக்கிவிட்டுக் கடைசியாகக் கூரையை மட்டும் ஈரத்தோடு சுருட்டித் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். டிராகன்ஸ்பெர்க்கில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திடீரென்று வருகிறது. முன்கூட்டியே முகாமிட்டுவிடுவது நல்லது என்றாலும், நாள்தோறும் அது கைகூடாது.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மூன்று துணிகள் புழக்கத்தில் உள்ளன: சிலிக்கான் பூசிய நைலான், சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர், டைனீமா எனப்படும் ஒட்டுப்படலத் துணி. டெனியர் என்று எழுதியிருப்பது நூலின் தடிமனைக் குறிக்கிறது. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். 15, 20 டெனியர் துணி இலகு கூடாரங்களில் வழக்கம். கூரைக்கு 20, தரைக்கு 20 அல்லது அதற்கு மேல் என்றால் எனக்கு நிம்மதி. ஒரே தடிமனில் நைலான் பாலியெஸ்டரைவிடக் கிழிசலை நன்றாகத் தாங்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை மழை தொடங்கிய சிறிது நேரத்தில் தொய்ந்து, உள்வலையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இருட்டில், மழையில், வெளியே போய்க் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த துணி காற்றில் படபடத்து அடிப்பதால் முளையும் தையலும் தேவையில்லாத உதறலை வாங்குகின்றன. பாலியெஸ்டர் அந்த அளவுக்கு ஈரம் குடிப்பதில்லை, மாலையில் இருந்தபடியே காலையிலும் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரையும் கூடுதல் காலம் தாங்கும். மூவாயிரம் மீட்டரில் வெயில் கடுமையானது என்பதால் இதுவும் ஒரு பொருட்டு. தரமான பாலியெஸ்டர் துணியைத் தேர்ந்தெடுத்தால் நைலானைவிடச் சற்றுக் குறைந்த கிழிதிறனை நான் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வேன்.

டைனீமாவைக் குறைசொல்ல எனக்கு எண்ணமில்லை. அது வியக்கத்தக்க பொருள். வலிமையான பாலிஎதிலீன் இழைகளை இரண்டு மெல்லிய பாலியெஸ்டர் படலங்களுக்கு நடுவில் வைத்து ஒட்டிச் செய்கிறார்கள். நீர் குடிக்காது, தொய்யாது, அதே வலிமையுள்ள நைலானைவிட மிக இலகு. நாள்தோறும் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் வீதம் மாதக் கணக்கில் நடப்பவர்களுக்கு அதன் விலைக்குப் பொருள் உண்டு. உங்கள் பயணத்திலோ நான்கைந்து இரவுகள்தான், அதுவும் கூர்மையான பசால்ட் கற்கள் நிறைந்த தரையில். அந்தத் துணி கல்லில் உரசித் தேய்வதையும் கூர்முனை குத்துவதையும் நன்றாகத் தாங்காது. தைக்கும் இடங்களில் இழை விலகாமல் வலுவூட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். மடித்தால் மற்ற துணிகளைப்போல் சிறிதாகச் சுருங்குவதும் இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மலைக்குப் போகும் ஒருவருக்கு அது சரியான முதல் கூடாரமாக எனக்குத் தோன்றவில்லை.

நீரழுத்தத் தாங்குதிறனை மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். 1,200 என்றால் அவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம்வரை துணி கசியாது என்று பொருள். கூரைக்கு 1,200 முதல் 2,000 வரை போதும். தரையில் முழங்கால் ஊன்றும் அழுத்தம் விழுவதால் அங்கே கூடுதல் எண் நல்லது. பெரிய எண்ணுக்காகத் தடித்த துணியைத் தேட வேண்டாம்.

ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா என்பதில் என் பக்கம் தெளிவானது. உறங்கும் மனிதனின் மூச்சிலும் தோலிலும் இருந்து இரவெல்லாம் நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. குளிர்ந்த கூரைத் துணியில் அது பட்டு நீர்த்துளியாகிறது. உறைபனி இரவில் பனித்துகளாகப் படிந்து, காற்றில் கூரை அதிரும்போது முகத்தில் உதிர்கிறது. ஒற்றை அடுக்கில் அந்த ஈரத்துக்கும் உங்கள் உறக்கப்பைக்கும் நடுவில் எதுவும் இல்லை. இறகுப் பை நனைந்தால் வெப்பம் தரும் திறனை இழந்துவிடும், அடுத்த இரவு அதற்கான விலையைக் கொடுக்க நேரும். இரட்டை அடுக்கில் துளிகள் வெளிக்கூரையிலேயே வழிந்து வெளியே போகின்றன. முந்நூறு கிராம் வரை கூடினாலும், பல நாள் தொடர்ந்து மேலே தங்கும் பயணத்தில் உலர்ந்த உறக்கப்பைக்கு அந்த எடை உரியது. உள்கூடாரம் முழுக்க வலையாக இருந்தால் கோடையில் சுகம், ஆனால் காற்று கீழ்விளிம்பு வழியே நுழைந்து தூசியையும் குளிரையும் உள்ளே வாரியிறைக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உச்சியில் தங்குவதானால், கீழ்ப்பாதியாவது நெருக்க நெசவுத் துணியாக உள்ள உள்கூடாரத்தைக் கேட்டு வாங்குங்கள். சில மாதிரிகளில் இரண்டு வகை உள்கூடாரமும் தனித்தனியே கிடைக்கும். எந்தக் கூடாரமானாலும் மேலே உள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து மூடாதீர்கள். ஓடைக்கரைப் பள்ளத்தில் குளிர்க்காற்று இறங்கித் தேங்குவதால் ஈரமும் அங்கேதான் அதிகம். பத்து, இருபது மீட்டர் மேலே ஏறி முகாமிட்டாலே வித்தியாசம் தெரியும்.

அளவு விஷயத்தில் உயரமானவர்கள் ஏமாறுவது வழக்கம். தரையின் நீளம் 210 செ.மீ. என்று எழுதியிருந்தால் 183 செ.மீ. உயரமுள்ளவருக்குத் தாராளம் என்று தோன்றும். ஆனால் உறக்கப்பையின் தலைப்பகுதியும் கால்பகுதியும் உடலைவிட நீளம், மெத்தை உங்களை ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்த்துகிறது, சரிந்து வரும் சுவர் அந்த உயரத்தில் உள்நோக்கி வந்துவிடுகிறது. தரை நீளம் 220 செ.மீ. இருக்கட்டும். உட்கார்ந்தால் தலை இடிக்காமலிருக்க உச்சி ஒரு மீட்டருக்கு மேல் இருக்கட்டும், அந்த உச்சி நீங்கள் உட்காரும் இடத்தில் இருக்கட்டும். மழை நாளில் மாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் விடியும்வரை உள்ளேயே அடைந்து கிடக்க நேரலாம். வாசலை ஒட்டிய முன்கூரையின் கீழே பையும் காலணியும் வைக்க இடம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மலை விளிம்பில் இரவில் பொருள்கள் காணாமல் போனது உண்டு என்பதால், அங்கே எதையும் வெளியே விடாமல் உள்கூடாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் பழக்கம். அதற்கும் சேர்த்து அகலத்தைப் பாருங்கள். மெத்தையை விரித்த பின் பக்கத்தில் ஒரு முழமாவது மிஞ்ச வேண்டும். நிறமும் இங்கே ஒரு சிறு பொருட்டு: தொலைவிலிருந்து கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சைவிடப் புல்லோடு கலந்துபோகும் பச்சையோ சாம்பலோ மேல்.

முளைகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் நம் மலைக்கு ஆகாது. ட்ரெக்கிங் போல் கூடாரம் முழுக்க முளைகளின் பிடியில்தான் நிற்கிறது. முளை பிடுங்கினால் கூரை கீழே. ஒய் (Y) வடிவக் குறுக்குவெட்டுள்ள, பதினாறு முதல் பதினெட்டு சென்டிமீட்டர் நீளமான அலுமினிய முளைகள் ஆறு, கற்களுக்கு நடுவே நுழைக்க மெல்லிய டைட்டானியம் முளைகள் இரண்டு என்று கலந்து வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. உச்சியில் மண் மெல்லியது. புல்வேர்களின் கீழே சற்றே கரிய ஈரமண், அதற்கடியில் உடனே கல். முழு நீளமும் இறங்காத முளையை நம்பாதீர்கள். அங்கே இன்னொரு முறை உண்டு: கயிற்றின் வளையத்தைச் சிறு கல் ஒன்றில் சுற்றி, அதன் முன்னே கூடாரப் பக்கமாகப் பெரிய கல்லை வைத்தால், கயிறு இழுக்க இழுக்கச் சிறு கல் பெரிய கல்லின் மேல் போய் முட்டிக்கொள்ளும். இதற்கு ஒவ்வொரு மூலையிலும் கூடுதலாக அரை மீட்டர் கயிறு வேண்டும். கடையிலிருந்து வந்த அன்றே கட்டி வைத்துவிடுங்கள். மறுநாள் புறப்படும்போது கற்களை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவது மலைக்குச் செய்யும் மரியாதை.

இப்போது பெயர்கள். நான் சொன்ன குணங்கள் பெரும்பாலும் ஒருங்கே அமைந்தது டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 1: இரட்டை அடுக்கு, பாலியெஸ்டர், இரண்டு கோல்கள், வெளிக்கூரை முதலில், முளை நீங்கலாக எண்ணூறு கிராமை ஒட்டிய எடை. நான்கு மூலை முளைகளிலேயே நின்றுவிடும், காற்று வந்தால் மேலும் கயிறுகளை இழுக்கலாம். கனடாக்காரர் ஒருவர் வடிவமைத்தது. இங்கே கடைகளில் எளிதில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும். வரவழைத்தால் அனுப்பும் செலவோடு சுங்கத் தீர்வையும் 15 விழுக்காடு வாட் வரியும் சேரும். விலையை ஒப்பிடும்போது அவற்றைச் சேர்த்தே ஒப்பிடுங்கள். பணம் குறைவாக இருந்தால் சீனத் தயாரிப்பான லான்ஷான் 1 ஒரு வழி. அதுவும் இரட்டை அடுக்கு, ஒரு கிலோவுக்குள் அடங்கும். ஆனால் ஒற்றைக் கோல், நைலான் துணி, ஆறடி ஆளுக்கு முனைகளில் நெருக்கம். தையல்களை நீங்களே சிலிக்கான் பசையால் அடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு பிற்பகல் வேலைதான், கடினமில்லை. ‘லூனார் சோலோ’ அதைவிட இலகு. ஆனால் ஒற்றை அடுக்கு என்பதால் கோடைக்கும் தாழ்வான பள்ளத்தாக்குகளுக்கும் மட்டுமே அதைச் சொல்வேன். நேச்சர்ஹைக் கிளவுட்-அப் 1 போன்ற ஒன்றரைக் கிலோ குவிமாடங்கள் விலைக்கு நல்ல பொருள்கள்தான். இஞ்சிசூத்தி முகாமைப்போல் மலையடிவாரத்தில் தங்குபவருக்கு அதற்கு மேல் செலவழிக்கக் காரணமில்லை. உச்சிக்கு என்றால் உள்கூடாரம் முதலில் நிற்பதும் மெல்லிய கம்பியும் தடையாகின்றன. கேப் யூனியன் மார்ட் போன்ற நம் கடைகளில் நேரில் பார்த்து வாங்குவதன் பெரிய நன்மை, விரித்துக் காட்டச் சொல்லி, உங்கள் மெத்தையை எடுத்துப்போய் உள்ளே படுத்துப் பார்க்க முடிவது. ஒருவர் கூடாரங்கள் அங்கே குறைவு. இரண்டு பேர் கூடாரம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே கிடைத்து, நண்பர்களில் ஒருவர் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால், தலைக்கு முக்கால் கிலோ என்று ஆகிவிடும். ஆளுக்கொன்று என்ற முடிவை அந்தக் கணக்கோடு ஒருமுறை மறுபடி பேசிப் பாருங்கள்.

மூவராகப் போவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, ஒருவர் உதவி தேடிப் போகலாம். அதைக் குறைக்காதீர்கள், புறப்படும் முன் மலைப் பதிவேட்டில் மூவர் பெயரையும் பாதையையும் எழுதிவிடுங்கள்.

வாங்கிய பின் வீட்டு முற்றத்தில் பலமுறை விரித்துப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவுக்குக் கை பழக வேண்டும், ஏனென்றால் மேலே அதை மரத்துப்போன விரல்களோடு மூடுபனியில் செய்ய நேரும். கோல்களை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதைக் கோலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். டர்பனில் மழை பெய்யும் ஓர் இரவில் அதற்குள்ளேயே படுத்துப் பாருங்கள். எந்தத் தையலில் கசிகிறது என்பது அன்றே தெரிந்துவிடும், சரிசெய்ய நாள் இருக்கும். பிறகு மங்க்ஸ் கௌல் பக்கம் தாழ்மலையில் ஓரிரவு தங்கிப் பாருங்கள்.

மேலே இடம் பார்க்கும்போது கணவாயின் வாயில் அடிக்காதீர்கள், காற்று அங்கே குவிந்து வேகமெடுக்கும். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, சிறு மேட்டின் மறைவில் அடியுங்கள். கூடாரத்தின் குறுகிய முனை காற்றைப் பார்க்கட்டும், வாசல் மறுபக்கம் இருக்கட்டும். மேட்டின் உச்சியும் ஓடைப்படுகையும் வேண்டாம். முன்னதில் மின்னல், பின்னதில் வெள்ளம். இடி நெருங்கும்போது கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது. மூடிய முன்கூரைக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். இந்தத் துணிகள் தீயில் உடனே உருகும், அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசமில்லாமல் ஆளைக் கொல்லும்.

திரும்பி வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கூடாரத்தை நிழலில் விரித்து முழுக்க உலர்த்துங்கள். டர்பனின் கடலோர ஈரப்பதத்தில் நனைந்தபடியே உறைக்குள் கிடந்தால் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும். உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு உள்ள துணியானால் அந்தப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரிந்து, துர்நாற்றம் வீசத் தொடங்கும், அதன்பின் அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. சேற்றை வெறும் தண்ணீரில் துடையுங்கள், சலவைத்தூள் போடாதீர்கள், இறுக்கமான உறையில் அடைக்காமல் ஒரு பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள்.